இரண்டு அடுப்பு எதற்கு?

ஆலைத் தோழர் ஒருவர் சென்ற மாதம் நம்மைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். முப்பது ஆண்டுக் காலம் பிட்டராக உழைத்தவர், கொடி பிடித்தவர், கூட்டத்துக்கு நாற்காலி தூக்கியவர். அவர் கையிலே ஒரு புத்தகம். கட்சி நூலாக இருக்கும் என்று எண்ணினோம். இல்லை. சமையல் புத்தகம்! வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம், விலை நானூறு ரூபாய்.

"தோழர், இதைக் கொஞ்சம் பாருங்கள். புத்தகம் கனமாகத்தான் இருக்கிறது, சாப்பாட்டிலேதான் கனமில்லை!" என்றார்.

கதை இதுதான். அவர் மகன் கலப்புமணம் செய்துகொண்டான். மருமகள் மரக்கறி மட்டுமே உண்ணும் வீட்டிலே பிறந்த பெண். மாமியாரும் நல்லவர், மருமகளும் நல்லவள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஆனால் அடுப்பு இரண்டாகிவிட்டது! ஒன்றிலே மீன் குழம்பு; மற்றொன்றிலே பருப்பு. ஒரே வீட்டிலே இரண்டு சட்டி, இரண்டு கரண்டி, இரண்டு பந்தி.

"ஞாயிற்றுக்கிழமை கறி இருக்கட்டும், அதை யாரும் விடச் சொல்லவில்லை. மற்ற நாளிலாவது எல்லோரும் ஒரே சட்டிக் குழம்பைச் சாப்பிடலாமே என்றுதான் இதை வாங்கினேன். மூன்று நாள் வீட்டிலே செய்தார்கள். நான்காம் நாள் பையன் கடைக்குப் போய்ப் புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டான். மருமகள் கண்ணிலே தண்ணீர்!" என்றார் தோழர்.

முதலில் சிரித்தோம். பிறகு சிந்தித்தோம். மேடையிலே சாதியை விரட்டுகிறோம். அது கொல்லைப்புறமாக வந்து அடுப்பங்கரையிலே உட்கார்ந்துகொள்கிறது. அதை அங்கிருந்தும் கிளப்ப ஒரு நல்ல புத்தகம் உதவுமென்றால், அதைப்பற்றி எழுத நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

யாருக்கு வேண்டும் மரக்கறி நூல்?

மரக்கறிச் சமையல் நூல் மரக்கறி உண்பவருக்குத்தான் என்று பலர் எண்ணுகின்றனர். கணக்கு வேறு சொல்கிறது. 2014-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுத் திட்டத்தின் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டிலே 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 100-க்கு 97 பேருக்கு மேல் புலால் உண்பவர்கள். ஆனால் உழைப்பவன் வீட்டிலே நாள்தோறும் கறியா வேகிறது? சம்பள வாரத்திலே ஆட்டுக்கறி. மற்ற வாரத்திலே கோழியோ மீனோ. கை வறண்டால் முட்டை. செவ்வாய், வெள்ளி, அமாவாசை, புரட்டாசி என்று வீட்டுப் பெண்கள் ஒதுக்கும் நாட்கள் வேறு. ஆக, புலால் உண்பவன் என்று பெயர் பெற்றவனும் வாரத்தில் ஐந்தாறு நாள் உண்பது காய்தான், கீரைதான், பருப்புதான்.

அப்படியானால் நல்ல மரக்கறி நூல் யாருக்கு மிகத் தேவை? கறி உண்பவன் வீட்டுக்குத்தான்! அவனை எண்ணி எழுதப்படும் நூல்தான் அரிது.

பெயரிலேயே பாருங்கள் வேடிக்கையை! ஒரு சாராருடைய உணவுக்குச் 'சைவம்' என்று சமயத்தின் பெயர். பெரும்பாலோருடைய உணவுக்கு 'அசைவம்' என்று இல்லாமையின் பெயர். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் 'அல்லாதவர்'களாம்! ஈழத் தமிழர் 'மரக்கறி', 'மச்சம்' என்று இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். பொருளைச் சொல்லும் பெயர்கள் அவை, யாரையும் தாழ்த்தவில்லை.

தமிழ் மரபு இரண்டையும் அறியும். வள்ளுவர் 'புலால் மறுத்தல்' என்று தனி அதிகாரமே வகுத்தார். அது குறளிலே 26-ஆவது. அந்தணரான கபிலரோ, ஊன்சோறு உண்டதைப் புறநானூற்றிலே, 14-ஆம் பாட்டிலே, மறைக்காமல் பாடினார். ஒன்றைக் காட்டி மற்றொன்றை இகழ்வது நம் வேலையன்று.

பழைய நூலும் புதிய தேவையும்

தமிழிலே மரக்கறிச் சமையல் நூல் என்றதும் நினைவுக்கு வருவது எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி 1951-இல் வெளிவந்த 'சமைத்துப் பார்'. தாய் வீட்டை விட்டுத் தொலைவிலே குடித்தனம் வைத்த எத்தனையோ பேருக்கு அது துணை நின்றது, ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. சாம்பார் வைக்கவும் ஊறுகாய் போடவும் இன்றைக்கும் அதை நம்பலாம்.

ஆனால் அது புலால் நுழையாத சமையற்கட்டிலே பிறந்த நூல். 'கறி இல்லாமல் எப்படிச் சோறு இறங்கும்?' என்ற கேள்வி அந்தச் சமையற்கட்டிலே எழுந்ததே இல்லை. எழாத கேள்விக்கு விடை எழுதவில்லை என்று அந்த அம்மையாரைக் குறை கூறுவது அறிவுடைமை ஆகாது. நம் தோழர் வீட்டுக்கு வேண்டியது, அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தவர் எழுதிய நூல்.

அயல்நாட்டிலே அப்படிப்பட்ட நூல்கள் பெயர் பெற்றிருக்கின்றன. இலண்டன் சமையற்கலைஞர் யோட்டம் ஓட்டோலெங்கி புலால் உண்பவர். அவரை 'கார்டியன்' ஏடு 2006-இல் மரக்கறிப் பகுதி எழுத அழைத்தது. அதிலிருந்து பிறந்த 'பிளென்டி' என்னும் நூல் 2010-இல் வெளிவந்து பெரும் விற்பனை கண்டது. ஹியூ பெர்ன்லி விட்டிங்ஸ்டால் என்பவர் 2004-இல் இறைச்சியைப் பற்றியே தடித்த நூல் எழுதியவர். அவரே 2011-இல் காய்கறிக்கென்று தனி நூல் எழுதினார். தில்லியிலே பிறந்த மதுர் ஜாப்ரியும் புலால் உண்பவர்தான். கீழை நாடுகளின் மரக்கறிச் சமையலைத் தொகுத்து 1981-இல் அவர் தந்த நூல் இன்றும் பேசப்படுகிறது.

இவர்கள் வெற்றிக்குக் காரணம் என்ன? கறியின் சுவை அறிந்த நாக்கு எதைத் தேடும் என்பது இவர்களுக்குத் தெரியும். அந்த நூல்களையே வாங்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. அவற்றிலே வரும் பண்டங்கள் பல நம் சந்தையிலே கிடைக்கா. அந்தக் கண்ணோட்டத்தைத் தமிழ் நூலிலே தேடுங்கள் என்கிறோம்.

நாக்கு தேடுவது எதை?

கறிக்குழம்பிலே நாம் விரும்புவது கறியை மட்டுமா? வெங்காயம் எண்ணெயிலே சிவந்து வதங்கும் மணம். சோம்பு, பட்டை, கிராம்பு, மிளகு. பல்லுக்குக் கடிபடும் துண்டு. சோற்றிலே ஊறும் கெட்டிக் குழம்பு. ஓரத்திலே முறுகிய வறுவல் — இத்தனையும் சேர்ந்ததுதான் 'கறிச்சோறு'.

இவற்றோடு இன்னொன்றும் உண்டு. டோக்கியோவில் கிகுனே இகெடா என்ற பேராசிரியர், கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்னும் பொருள் என்று 1908-இல் கண்டறிந்தார். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவற்றின் வரிசையிலே 'உமாமி' என்ற சுவை இடம்பெற்றது அதன் வழியாகத்தான். இறைச்சிச் சாற்றுக்கு உள்ள அந்த நிறைவான சுவை, பழுத்த தக்காளியிலும் காளானிலும் உண்டு. தக்காளி தொக்குப் பதத்துக்குச் சுருள வதங்கினால், காய்கறிக் குழம்புக்கும் ஒரு கனம் வருவது இதனால்தான்.

தோழர் வாங்கிய நூலை நாம் புரட்டினோம். பூண்டு என்ற சொல்லே இல்லை! வெங்காயம் இரண்டே இடத்தில். பாதிப் புத்தகம் பாயசமும் பலகாரமும். எஞ்சியதில் பாதி பனீரும் முந்திரி விழுதும். முன்னுரையிலே, புலால் உண்பவன் மனம் மாசுபடும் என்று ஒரு போதனை வேறு! உண்பவனைத் திட்டிவிட்டு இலை போட்டால் எவன் உட்காருவான்?

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலாவது, முன்னுரையைப் படியுங்கள். புலால் உண்பவனை இகழும் நூலைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, பொருளடக்கத்திலே குழம்பு, வறுவல், கூட்டு, பொரியல் எத்தனை, இனிப்பு எத்தனை என்று எண்ணுங்கள். நாள்தோறும் சோற்றுக்கு வேண்டியது முன்னவை. காரக்குழம்பு, எண்ணெய்க் கத்தரிக்காய், பருப்பு உருண்டைக் குழம்பு, மொச்சைக் குழம்பு, சேனைக்கிழங்கு வறுவல், காளான் மிளகு வறுவல், பலாக்காய்க் கறி — இவை உள்ள நூல் நம் வீட்டை அறிந்த நூல்.

மூன்றாவது, பயறுக்கும் பருப்புக்கும் எத்தனை பக்கம்? உழைக்கும் உடலுக்குப் புரதம் வேண்டும். பருப்பு, பயறு வகைகளிலே, உலர்ந்த நிலையில், 100 கிராமுக்கு 20 முதல் 25 கிராம் வரை புரதம் உண்டு. மீல்மேக்கர் என்று நாம் சொல்லும் சோயா உருண்டையிலே ஏறக்குறைய 50 கிராம். கறியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உருளைக்கிழங்கை மட்டும் வைக்கும் நூல் வயிற்றை நிரப்பும், உடலை ஏய்க்கும்.

நான்காவது, அளவும் நேரமும் சரியாக உண்டா? 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் அளவு நடைமுறைக்கு வருமுன் எழுதப்பட்ட நூல்களிலே பலமும் வீசையும் ஆழாக்கும் இருக்கும். அவற்றின் மறுபதிப்பானால் கிராமுக்கு மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் ஒரு குழம்புக்காக இரண்டு மணி நேரம் அரைத்துக்கொண்டிருக்க முடியாது.

ஐந்தாவது, 'சைவ மீன்', 'சைவ ஆட்டுக்கறி' என்ற பெயர்களுக்கு மயங்காதீர்கள். ஒருநாள் வேடிக்கைக்குச் செய்யலாம். ஆனால் வாழைக்காயை வஞ்சிரம் என்று சொல்லிப் பரிமாறினால், வஞ்சிரம் தின்ற நாக்கு உடனே ஒப்பிடும், வாழைக்காய் தோற்கும். வாழைக்காயை வாழைக்காயாகவே மிளகும் பூண்டும் போட்டு வறுத்து வையுங்கள், அது வெல்லும்.

கடைசியாக, சமைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சென்னை மாகாணத்திலே 1948-இல் வந்த பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவிலே இவ்வகையில் முதலாவது. அந்த வழியிலே வளர்ந்த நூலகங்கள் ஊர்தோறும் இருக்கின்றன. நூலை இரவல் எடுத்து, இரண்டு குழம்பு வைத்துப் பாருங்கள். சட்டி வழித்தெடுக்கப்பட்டதா? வாங்குங்கள். மிஞ்சிப்போயிற்றா? திருப்பிக் கொடுங்கள். நம் படிப்பகத் தோழர்களும் இப்படித் தேறிய நூல் ஒன்றையேனும் அலமாரியிலே வைக்க வேண்டும்.

கரண்டி யார் கையில்?

ஒன்று மட்டும் தோழரிடம் கேட்டோம்: "புத்தகம் வாங்கியது நீங்கள், சமைத்தது துணைவியார், சாப்பிடாமல் போனது பையன், அழுதது மருமகள். நீங்களும் பையனும் அடுப்பருகே போனீர்களா?" அவர் தலை குனிந்தார். 'சமைத்துப் பார்' என்ற சொல்லிலே ஆண் என்றும் பெண் என்றும் எழுதியிருக்கிறதா என்ன?

சென்ற வாரம் மறுபடி வந்தார். நூலகத்திலிருந்து வேறொரு நூல் எடுத்தாராம். புதன்கிழமை தாமே வெங்காயம் உரித்தாராம். மகன் மசாலா வதக்கினானாம். மருமகள் பக்கம் பார்த்துப் படித்தாளாம். மொச்சையும் கத்தரிக்காயும் போட்ட காரக்குழம்பு. மாமியார் ஒரு வாய் உண்டு, "கருவாடு ஒன்றுதான் குறை" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். சொல்லிவிட்டு அவரே இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டிலே கறி வெந்தது. வேகட்டும்! அதை மருமகள் தொடவில்லை. தொடச் சொல்லி எவரும் வற்புறுத்தவில்லை. மற்ற நாளிலே ஒரே அடுப்பு, ஒரே சட்டி, ஒரே பந்தி. புலாலை விடு என்றோ, புலாலைத் தொடு என்றோ எவருக்கும் கட்டளையிடாமல் ஒரு குடும்பத்தை ஒன்றாக உட்காரவைக்கும் நூல் எதுவோ, அதுவே நல்ல சமையல் நூல். அத்தகைய நூலைத் தேடுங்கள், தோழர்களே! தேடி வாங்கியபின், கரண்டியை நீங்களும் பிடியுங்கள்!