லாரி காத்திருக்கட்டும், டிரைவர் எதற்கு?

கேரளத்துக்குள் போகிற சரக்கு அதிகம், அங்கிருந்து வெளியே வருகிற சரக்கு குறைவு. அரிசி, காய்கறி, நாமக்கல் முட்டை என்று வாளையார் எல்லை வழியாக நிறைந்து போகும் லாரிகள் பல, இறக்கி முடித்ததும் ரிட்டன் லோடுக்காகக் காத்துக் கிடக்கின்றன. பெரும்பாவூர் பிளைவுட்டோ, ரப்பரோ, கொச்சித் துறைமுகத்துச் சரக்கோ அமையும் வரை வண்டி சாலையோரத்தில்தான். வாளையாரிலிருந்து கோவை ஒரு மணி நேரம். சங்ககிரியும் நாமக்கல்லும் நான்கைந்து மணி நேரம். அந்த ஊர்க்கார டிரைவர் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்கிக்கொண்டு நாள்களைக் கழிக்கிறார். கடைசியில் கிடைப்பது பெங்களூருக்கோ மும்பைக்கோ போகும் லோடு என்றால், சேலம்–கொச்சி சாலையில் சொந்த ஊர் பைபாஸைத் தாண்டியே போய்விட வேண்டியதுதான். டிரைவருக்கும் லாரி ஆபீசுக்கும் நடக்கும் சண்டைகளில் பாதி இந்த இடத்தில்தான் மூள்கிறது. ஊரில் காது குத்து, பிள்ளைக்குப் பள்ளி சேர்க்கை, அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்று டிரைவர் கேட்பார். இன்னும் ஒரே ஒரு லோடு அடித்துவிட்டு இறங்கிக்கொள்ளலாம் என்று பதில் வரும்.

இதை முதலாளியின் கல்நெஞ்சம் என்றோ டிரைவரின் பொறுப்பின்மை என்றோ சொல்லி முடித்துவிடுவது சுலபம். ஆனால் கோளாறு வேலை பிரிந்து கிடக்கும் விதத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் பெரிய லாரி நிறுவனங்களில் டிரைவரை எங்கே, எப்போது அனுப்புவது என்று தீர்மானிக்கத் தனி ஆள் உண்டு. வீட்டுக்குப் போகும் நாள் தள்ளிப் போனால் யாரிடம் சண்டை போடுவது என்பதாவது தெளிவு. நம்மிடம் அந்த வேலை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. லோடு இருப்பது புக்கிங் ஆபீஸ் புரோக்கர் கையில், லாரி இருப்பது முதலாளி கையில். லீவு கேட்டால் முதலாளி புரோக்கரைக் காட்டுவார். புரோக்கருக்கோ டிரைவர் யாரென்றே தெரியாது, வண்டி நம்பர்தான் தெரியும். ஆக, டிரைவர் ஊர் திரும்புவதை யாரும் முடிவு செய்வதில்லை. லாரிக்குக் கிடைக்கும் ரிட்டன் லோடு முடிவு செய்கிறது. வண்டியையும் ஆளையும் ஒரே உருப்படியாகக் கணக்கெழுதும் இந்தப் பழக்கம்தான் சிக்கலின் வேர் என்பது என் வாதம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. நெடுந்தூர வழித்தடங்களுக்கு அதை 10 மணி, 54 மணி வரை நீட்டிக்க இடம் தந்தது. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வும் தந்தது. நடைமுறை எப்படி என்பதை, சாலைப் பாதுகாப்புக்காக இயங்கும் சேவ்லைஃப் அறக்கட்டளை பத்து நகரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிரைவர்களிடம் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அவர்கள் சராசரியாக நாளுக்குச் சுமார் 12 மணி நேரம் ஓட்டினார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் களைப்போடும் தூக்கக் கலக்கத்தோடும் ஓட்டுவதாக ஒப்புக்கொண்டார்கள். தங்கள் சொந்தபந்தங்களை இந்தத் தொழிலுக்கு வரச் சொல்ல மாட்டோம் என்றவர்கள் 84 விழுக்காடு. அந்தச் சட்டத்தை ஒழுங்காக அமல்படுத்தியிருந்தாலும் ஒரு ஓட்டை மிஞ்சியிருக்கும்: ஓய்வு நாள் எங்கே கழிய வேண்டும் என்று அது சொல்லவில்லை. கஞ்சிக்கோட்டில் லாரிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்த ஞாயிற்றுக்கிழமையும் கணக்கில் ஓய்வுதான்.

காத்திருக்கும் நேரம் குறைந்தால் டிரைவர் தானாக வீடு சேர்ந்துவிடுவார் என்று நம்புகிறவர்கள் வாளையாரின் கதையைப் பார்க்க வேண்டும். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வருவதற்கு முன், அங்கிருந்த வணிகவரிச் சோதனைச் சாவடியின் வரிசை நாடறிந்த ஒன்று; மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் லாரிகள் நின்றன. வேறு துறைகளின் சோதனைகள் தொடர்ந்தாலும், அந்த வரிசை போய்விட்டது. மிச்சமான நேரத்துக்கு உரிமை கொண்டாடியது யார்? கூடுதல் டிரிப்தான். பிறகு வந்த, சரக்குக்கான மின்னணுச் சீட்டான இ-வே பில்லைப் பாருங்கள்: 2021 முதல், சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அது கெடு வைக்கிறது. சரக்குக்குக் கடிகாரம் கட்டிய அரசு, அதை ஏற்றிப் போகும் ஆளுக்குக் கட்ட மறந்துவிட்டது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம் என்றது நல்ல காரியம்தான். கொஞ்சம் குறும்பாகச் சொன்னால், வீட்டுக்கு அனுப்பாமல் வீட்டையே வண்டிக்குள் கொண்டுவரும் யோசனை.

ஐரோப்பிய ஒன்றியம் இந்த முடிச்சை வேறு மாதிரி அவிழ்த்தது. 2020 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, நான்கு வாரத்துக்கு ஒரு முறையாவது டிரைவர் வீட்டுக்கோ தான் வழக்கமாகப் பணிபுரியும் நிறுவன மையத்துக்கோ திரும்பி, குறைந்தது 45 மணி நேரம் ஓய்வெடுக்கும்படி வேலையை வகுப்பது நிறுவனத்தின் கடமை. லீவு கேட்பது டிரைவர் வேலை அல்ல. அனுப்பி வைப்பது ஆபீஸ் வேலை. லாரியும் எட்டு வாரத்துக்கு ஒரு முறை தன் நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. 2024 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், விளைவுகளை எடைபோடப் போதிய தகவல் இல்லாமல் இயற்றியது என்று லாரிக்கான விதியை ரத்து செய்தது. டிரைவருக்கான விதியை நிலைநிறுத்தியது. இப்படியொரு விதிக்கு நம் முதலாளிகள் சொல்லும் முதல் ஆட்சேபத்துக்கு இதிலேயே விடை இருக்கிறது. காலி வண்டியை டீசல் போட்டு ஊருக்கு அனுப்ப முடியாது என்கிறார்கள். அனுப்ப வேண்டாம். ரிட்டன் லோடு இல்லாத நாளில் வண்டி பாலக்காட்டிலேயே நிற்கட்டும், டிரைவர் பஸ் ஏறட்டும். லோடு அமைந்ததும் அவர் திரும்பலாம், அல்லது வாளையாரில் வேறொருவர் ஏறலாம்.

அப்படி மாற்றாக ஏறும் ஆக்டிங் டிரைவரை நம்பி வண்டியை எப்படிக் கொடுப்பது, டீசலுக்கு யார் பொறுப்பு என்பது அடுத்த கேள்வி. நியாயமான பயம். ஆனால் ஜிபிஎஸ்ஸும் ஃபாஸ்டேகும் வந்தபின் அதன் கூர்மை மழுங்கிவிட்டது. ஒரே வண்டியை டிரைவர் மாற்றி டிரைவர் ஓட்டி, ஒவ்வொருவரையும் அன்றன்றைக்கே வீடு சேர்க்கும் தொடர் ஓட்ட முறையை ரிவிகோ என்ற இந்திய நிறுவனம் செய்தே காட்டியது. அது வணிகத்தில் தாக்குப்பிடிக்காமல் 2022-இல் தன் முக்கியத் தொழிலை மஹிந்திரா லாஜிஸ்டிக்ஸுக்கு விற்றதும் உண்மை. அந்த முறைக்குச் செலவு உண்டு, அதை யாரோ ஏற்க வேண்டும் என்பதற்கு மேல் இதிலிருந்து பெரிதாக எதையும் முடிவு கட்ட முடியாது.

டிரைவர்களே வீட்டுக்குப் போக விரும்புவதில்லை, டிரிப் போனால்தானே காசு என்றும் சொல்கிறார்கள். சக்கரம் உருண்டால்தான் படி என்று வைத்துவிட்டு, அவர் விருப்பத்தைக் காட்டுவது சரியான சாட்சியம் ஆகாது. காத்திருக்கும் நாளில் அவருக்கு வருமானமும் இல்லை, வீடும் இல்லை. அந்த நாளுக்கும் படி கொடுக்க வேண்டும் என்று வைத்துப் பாருங்கள். சும்மா நிற்பதற்குக் காசா என்று ஆபீஸே அவரை ஊருக்கு அனுப்பி வைக்கும்.

டிரைவர் ஊர் திரும்பும் முறைக்கு இடுக்கி எல்லையில் ஒரு சின்ன ஒத்திகை எப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. கம்பம், தேனிப் பக்கத்திலிருந்து குமுளி, கம்பம்மெட்டு வழியாகக் காய்கறி ஏற்றிப் போகும் வண்டிகள் பெரும்பாலும் இறக்கியதும் திரும்பிவிடுகின்றன. தூரம் குறைவு; திரும்பும் செலவும் வாடகைக்குள் அடக்கம். மலைப்பாதையின் வளைவுகள் எத்தனை கடுமையாக இருந்தாலும், அடிவாரத்துக்கு இறங்கிவிட்டால் ஊர். வாடகையில் திரும்பும் பயணத்தைச் சேர்த்துவிட்டால் டிரைவரின் லீவு ஒரு தகராறாகவே எழுவதில்லை.

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தை விழுங்கிவிட்டது. பழைய சட்டம் ஐந்து தொழிலாளர் இருந்தாலே பொருந்தியது. புதியது பத்துப் பேர் வேண்டும் என்கிறது. ஒன்றிரண்டு லாரிகளைக் கடனில் ஓட்டும் முதலாளிகளே மிகுந்த இந்தத் தொழிலில், தலை எண்ணும் எந்தச் சட்டமும் பெரும்பாலான டிரைவர்களைத் தொடாது. அந்தச் சின்ன முதலாளி மேல் முழுப் பாரத்தையும் ஏற்றுவதும் நியாயமில்லை. லோடு கொடுக்கும் கம்பெனியும் புக்கிங் ஆபீசும்தான் காத்திருப்பை உண்டாக்குகிறவர்கள். சரக்கின் மதிப்பும் வண்டி நம்பரும் தூரமும் ஏற்கெனவே இ-வே பில்லில் பதிவாகின்றன. டிரைவர் கடைசியாக வீட்டுக்குப் போன தேதிக்கும் அதில் ஒரு கட்டம் ஒதுக்கி, நான்கு வாரம் தாண்டியவருக்குப் புது லோடு கிடையாது என்று விதித்தால், இரண்டு லாரி வைத்திருப்பவரும் இருநூறு லாரி வைத்திருப்பவரும் ஒரே கணக்குக்குள் வந்துவிடுவார்கள்.