ஆப்பிள் ஆலை

ஆப்பிள் என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது நோயாளியின் தலைமாடுதான். உடம்பு சௌகரியமில்லாதவரைப் பார்க்கப் போகிறவர் கையில் நாலு ஆப்பிள் இல்லாவிட்டால் மரியாதைக் குறைவு. இப்படி எண்ணி வாங்கி, எண்ணி நறுக்கும் பழத்தைக் கூடை கூடையாக வாரி யந்திரத்தில் கொட்டுகிறார்கள் என்றால் நம்புவது சிரமமாகவே இருக்கும். ஆயினும் இங்கிலாந்தின் மேற்கு ஜில்லாக்களிலும், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்திலும், கொல்லையில் இரண்டே மரம் வைத்திருக்கும் குடும்பம்கூட இலையுதிர் காலத்தில் இந்தக் காரியத்தைச் செய்கிறது. நன்றாக வளர்ந்த ஒரு மரம் 200 ராத்தலுக்கு மேலேயே காய்க்கும். அதில் கணிசமான பங்கு காற்றில் உதிர்ந்து அடிபட்டிருக்கும். சந்தையில் விலை போகாது, வைத்திருந்தால் அழுகும். ஆகவே பிழிந்துவிடுகிறார்கள். பிழிவதற்கு வேண்டிய யந்திரத்தைப் பலர் தாங்களே செய்துகொள்ளவும் செய்கிறார்கள்.

இந்தச் சாற்றுக்குச் 'சைடர்' என்று பெயர். இங்கிலாந்தில் சைடர் என்றால் புளிக்க வைத்த மதுபானம். அமெரிக்காவிலோ பெரும்பாலும் பிழிந்தவுடனே குழந்தைகளுக்குக் கொடுக்கும் இனிப்புச் சாறு. யந்திரத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

யந்திரம் என்று ஒருமையில் சொன்னோம். உண்மையில் அவை இரண்டு: அரைப்பது ஒன்று, பிழிவது ஒன்று. புதிதாக இதில் இறங்குகிறவர்கள் பிழியும் யந்திரத்தின் பலத்தைப் பற்றியே கவலைப்படுவார்கள். நம் அபிப்பிராயத்தில் அரைப்பதுதான் முக்கியம். ஆப்பிளில் நூற்றுக்குச் சுமார் 85 பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத எண்ணிறந்த அறைகளுக்குள் பூட்டிக் கிடக்கிறது. முழுப் பழத்தின்மேல் யானையை நிறுத்தினாலும் பழம் பிளக்குமேயன்றிச் சாறு ஒழுங்காக இறங்காது. முதலில் அறைகளின் சுவர் கிழிய வேண்டும். பெரிய துண்டாக விட்டுவிட்டால் பாதிச் சாறு சக்கையிலேயே தங்கும். வழவழவென்று கூழாக்கினாலோ அந்தக் கூழ் துணியின் கண்களை அடைத்துக்கொள்ளும். கொரகொரவென்று, துவையல் பதத்தில் இருக்க வேண்டும். அம்மியில் கை வைத்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

முற்காலத்தில் ஹெரிபோர்டு ஜில்லாவில் வட்டமான கல் தொட்டியும், அதில் செங்குத்தாக உருளும் கற்சக்கரமும் வைத்து, குதிரையைக் கட்டிச் சுற்றவிட்டார்கள். நம் செக்கடியில் நின்று பார்த்தவர்கள் அந்தக் காட்சியைச் சுலபமாகக் கற்பனை செய்துகொள்ளலாம். குதிரை இல்லாத வீடுகளுக்கு என்ன வழி? 1676-ல் ஜான் வொர்லிட்ஜ் என்பவர் சைடரைப் புகழ்ந்து எழுதிய 'வினேட்டம் பிரிட்டானிக்கம்' என்ற நூலில், கையாலேயே சுற்றக்கூடிய ஓர் அரைவை யந்திரத்தை வர்ணித்தார். இன்று வீடுகளில் செய்யும் யந்திரம் ஏறக்குறைய அதன் வம்சம்தான்.

6 அங்குலக் குறுக்களவுள்ள ஓர் உருளையைக் கெட்டி மரத்தில் கடைந்துகொள்கிறார்கள். அதன்மேல் வரிசை வரிசையாக எவர்சில்வர் திருகாணிகளை முடுக்கி, தலைகள் அரைக்கால் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுகிறார்கள். வரிசைகள் ஒன்றுக்கொன்று சற்று விலகி நிற்க வேண்டும். நேராக அமைத்தால் உருளை பழத்தில் பள்ளம் போடுமேயன்றித் துருவாது. உருளைக்கு எதிரே கால் அங்குல இடைவெளி விட்டு ஒரு பலகை, மேலே பழம் கொட்ட அகன்ற வாய்ப்பெட்டி, பக்கத்தில் கைப்பிடி. மோட்டார் இணைப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் வாய்ப்பெட்டியை ஒரு முழத்துக்குக் குறையாமல் உயர்த்துவது அவசியம். சிறுவர்கள் கையை விட்டுப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். வகுப்பறையில் காலம் கழிக்கும் நமக்கு இது நன்றாகத் தெரியும்.

பிழியும் யந்திரத்தின் தந்திரம் அடுக்குவதில் இருக்கிறது. அரைத்ததை மொத்தமாக ஒரு கூடையில் கொட்டி அழுத்தினால் ஓரத்துச் சாறு வரும். நடுவில் உள்ளது வழி தெரியாமல் நின்றுவிடும். அதனால் ஒரு சதுரச் சட்டத்துக்குள் துணியை விரித்து, இரண்டு அங்குல உயரத்துக்கு அரைத்ததைப் பரப்பி, துணியின் நான்கு மூலைகளையும் தபால் உறை மாதிரி மடிக்கிறார்கள். சட்டத்தை எடுத்துவிட்டு, ரீப்பர்களால் ஆன ஒரு தட்டியை அதன்மேல் வைத்து, மறுபடியும் துணி. இவ்வாறு ஐந்தாறு அடுக்கு. ஒவ்வொரு தட்டியும் சாற்றுக்கு ஒரு வாய்க்கால். பழைய காலத்தில் குதிரை மயிரில் நெய்த துணி, இப்போது நைலான்.

இனி அழுத்தம். இரண்டடி நீளக் கைப்பிடியும், கால் அங்குல மரையும் உள்ள திருகைச் சுற்றினால், கணக்குப்படி நம் பலம் 600 மடங்காகப் பெருக வேண்டும். உராய்வு என்ற கந்துவட்டிக்காரன் அதில் முக்கால் பங்குக்கு மேல் பிடித்துக்கொள்கிறான். ஆகவே பலர் லாரியைத் தூக்கும் எண்ணெய் ஜாக்கியை வைத்துக்கொள்கிறார்கள். 16 அங்குலச் சதுர அடுக்கின்மேல் 8 டன் ஜாக்கி அழுத்தினால் ஒரு சதுர அங்குலத்துக்கு 70 ராத்தல் விழும், அது தாராளம். ஆனால் அதே 8 டன் மேல் உத்தரத்தையும் முட்டித் தள்ளுகிறது என்பதை மறக்கலாகாது. உத்தரம் முறிந்தால் துண்டுகள் ஆளின்மேல் பாயும். பருமனான மரமோ இரும்புச் சட்டமோ போட்டு, ஊடுருவிச் செல்லும் போல்ட்டுகளால் பிணைக்க வேண்டும், ஆணி உதவாது. ஜாக்கியின் எண்ணெய் சாற்றில் சொட்டாதபடி அடியில் ஒரு தட்டும் வேண்டும். அவசரமின்றிச் சற்று அழுத்திச் சற்றுப் பொறுத்தால் 100 ராத்தல் பழத்துக்கு 55 முதல் 65 ராத்தல் சாறு இறங்கும்.

சாற்றின்மேல் எந்தப் பொருள் படுகிறது என்பது எல்லாவற்றிலும் பெரிய விஷயம். சாதா இரும்பு பட்டால் சாறு கறுக்கும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய நம் முன்னோர்களுக்குக் காரணம் விளங்கியிருக்கும். கறுத்த சாறு கண்ணுக்குத் தெரியும். யாரும் குடிக்க மாட்டார்கள். ஈயமோ நிறம் காட்டுவதில்லை.

இதைப் பற்றி ஒரு சரித்திரம் உண்டு. ஏழாண்டுப் போரில் பட்ட கடனை அடைக்க 1763-ல் ப்யூட் பிரபுவின் மந்திரி சபை சைடருக்கு வரி போட்டது. பீப்பாய்க்கு 4 ஷில்லிங்; பிழிகிறவனே கட்ட வேண்டும். வரி அதிகாரி வீட்டுக்குள்ளேயே நுழைந்து பார்க்கலாம் என்பதுதான் ஜனங்களைக் கொதிக்க வைத்தது. தன் கொல்லைப் பழத்தைத் தன் வீட்டில் பிழிவதற்கு எவனுடைய அனுமதி வேண்டும் என்று மேற்கு ஜில்லாக்கள் கிளர்ந்தன. கடலோரத்து உப்பை அள்ளியதற்காகச் சிறை சென்ற தேசத்தார் நமக்கு அந்தக் கோபம் புரியும். 1766-ல் சர்க்கார் வரியை ரத்து செய்தது.

மறு வருஷம், 1767-ல், அதே டெவன் ஜில்லாவில் பிறந்த டாக்டர் ஜார்ஜ் பேக்கர் ஓர் உண்மையை வெளியிட்டார். டெவனில் தலைமுறைகளாகக் கொடிய வயிற்று வலியும், கைகள் தளர்ந்து தொங்கும் வாதமும் ஜனங்களைப் பீடித்து வந்தன. சாற்றின் புளிப்புத்தான் காரணம் என்பது நெடுநாளைய எண்ணம். ஹெரிபோர்டிலும் அதே புளிப்புத்தானே, அங்கே ஏன் இந்த நோய் இல்லை என்று பேக்கர் கேட்டார். டெவனில் ஆலைக் கற்களை ஈயம் உருக்கி ஊற்றி இணைத்தார்கள்; பிழியும் மேடைக்கு ஈயத்தகடு போர்த்தினார்கள். ஹெரிபோர்டில் அந்த வழக்கம் அநேகமாக இல்லை. சைடரைப் பரிசோதித்து அதில் ஈயம் இருப்பதையும் காட்டினார். வரிக்காரனை விரட்டிய ஊரார் வைத்தியரையும் விரோதியாகவே பார்த்தார்கள். ஆயினும் நாளடைவில் ஈயத்தைப் பெயர்த்தெறிந்தார்கள். நோயும் அருகி மறைந்தது.

ஆகவேதான் இன்று யந்திரம் செய்கிறவர் மரம், எவர்சில்வர், உணவுக்கு உகந்த பிளாஸ்டிக் தவிர வேறெதையும் சாற்றருகே அண்டவிடக் கூடாது. ஈயம் கலந்த பற்றாசும், பழைய பெயிண்டு பூசிய பலகையும் கூடவே கூடாது. பழத்திலும் கண் வேண்டும். அடிபட்டது ஆகும், அழுகியது ஆகாது, பூஞ்சணத்தின் நஞ்சு காய்ச்சினாலும் போகாது. மாடு மேய்ந்த இடத்தில் உதிர்ந்ததைத் தள்ளிவிட வேண்டும். 1996-ல் அமெரிக்காவில் காய்ச்சாத ஆப்பிள் சாற்றில் கிருமி கலந்து பலர் நோயுற்றனர். ஒரு குழந்தை இறந்தது. 160 டிகிரி பாரன்ஹீட் வரை சூடுபடுத்தினால் ருசி சிறிது மாறும், அவ்வளவுதான். குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த விஷயத்தில் ருசியைப் பார்ப்பது சரியல்ல.

வருஷத்தில் சில நாளே வேலை செய்யும் இந்த யந்திரத்தை வீட்டுக்கு ஒன்று வைத்துக்கொள்வது வீண் செலவு. பல ஊர்களில் பொதுவாக ஒன்றை வைத்து, பழத்தைக் கூடையில் கொண்டுவந்து முறை போட்டுப் பிழிந்து போகிறார்கள். 1990-ம் வருஷம் அக்டோபர் 21-ந் தேதி லண்டன் கோவென்ட் கார்டனில் தொடங்கிய 'ஆப்பிள் தினம்' இதற்கு உற்சாகம் தந்தது. சக்கை பன்றிக்கும் மாட்டுக்கும் தீனியாகிறது. துணிகளை அன்றைக்கே அலசி வெயிலில் உலர்த்தி, உருளையின் திருகாணிகளுக்கு இடையே ஒட்டியதைத் தேய்த்துக் கழுவி, மரத்துக்குச் சமையல் எண்ணெய் தடவி, அடுத்த அறுவடைவரை கொட்டகையில் மூடி வைக்கிறார்கள்.