ஐந்தை அமுக்கினால் ஒரு ரூபாய்

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் அழுக்கேறிய பச்சைத் திரை, உள்ளே நான்கு பெட்டிகள். அவற்றின் வெளிச்சம்தான் கடைக்கு வெளிச்சம். யூனிபார்மோடு வந்தால் விடமாட்டேன் என்பார் கடைக்கார அண்ணன். சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு பனியனோடு போனால் விட்டுவிடுவார்.

ஒரு ரூபாய்க்கு ஒரு காயின். கையில் காசு இல்லாத நாள்தான் அதிகம். அந்த நாட்களுக்கென்றே எங்களிடம் ஒரு விளையாட்டு இருந்தது. யாரும் காயின் போடாதபோது பெட்டி தானாகவே கொஞ்ச நேரம் ஆடிக் காட்டும் அல்லவா? அப்போது போய் ஸ்டிக்கைப் பிடித்துக்கொள்வோம். திரையில் இருப்பவன் வலப்பக்கம் ஓடினால் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளுவோம், அவன் உதைத்தால் பட்டனைத் தட்டுவோம். புதிதாக வந்த சின்னப் பையன்கள் நாங்கள்தான் ஆடுகிறோம் என்று வாய் பிளந்து பார்ப்பார்கள். 'இன்சர்ட் காயின்' என்று எழுத்து மின்னியதும் குட்டு உடைந்துவிடும்.

பெட்டி தானாக ஆடிக் காட்டும் அந்தக் காட்சிக்குத் தொழிலில் 'அட்ராக்ட் மோட்' என்று பெயர். அது எனக்குத் தெரியவந்தது சென்ற ஆண்டுதான், திருவொற்றியூரில் அக்கா வீட்டில், ஒரு பழைய மடிக்கணினியின் முன்னால்.

அக்கா மகள் பிளஸ் டூ படித்தபோது பள்ளியில் கொடுத்த அரசு மடிக்கணினி அது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தையும் போட்டுக் கொடுத்தார்கள். அவளுக்கு வேலை கிடைத்து வேறு கணினி வந்தபின், மூடியில் அன்றைய முதல்வர் படத்தோடு பீரோவின் மேல் கிடந்தது. "இதுல என்ன மாமா ஓடும்?" என்று கேட்டாள். "முஸ்தபா ஓடும்" என்றேன்.

முஸ்தபா என்றால் வடசென்னையில் என் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1993இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' என்ற ஆட்டம். அந்த முழுப் பெயரை எங்கள் கடையில் யாரும் உச்சரித்ததே இல்லை. அதில் வரும் நான்கு பேரில் மஞ்சள் தொப்பிக்காரன் முஸ்தபா கெய்ரோ. ஓடிவந்து எகிறி உதைப்பதில் மன்னன். அவன் பெயரே ஆட்டத்தின் பெயராகிவிட்டது. 1996இல் 'காதல் தேசம்' படத்தின் முஸ்தபா பாட்டு வந்தபின் அந்தப் பெயர் இன்னும் இறுகிவிட்டது.

அன்று முஸ்தபா ஆட மரப்பெட்டியும் டிவி டியூபும் சர்க்யூட் போர்டும் தேவைப்பட்டன. இன்று இரண்டு மென்பொருள் போதும். ஒன்று எமுலேட்டர். அந்தப் போர்டில் இருந்த சிப்புகள் செய்த வேலையைக் கணினிக்குள் நடித்துக் காட்டுவது. இத்தாலியின் நிக்கோலா சால்மோரியா 1997 பிப்ரவரியில் வெளியிட்ட 'மேம்' இதில் பெரியண்ணன். 2016 முதல் முழுக்கத் திறந்த மூல மென்பொருள். ஆனால் மேம் ஆயிரக்கணக்கான ஆட்டங்களைக் குறும்பெயரால்தான் அறியும். முஸ்தபா அதற்கு 'டினோ', ஸ்ட்ரீட் ஃபைட்டர் இரண்டு 'எஸ்எஃப்2'. அதனால்தான் இரண்டாவது மென்பொருள். 'ஃப்ரன்ட் எண்ட்' என்பார்கள். அது ஆட்டத்தை ஓட்டாது. பட்டியலையும் படங்களையும் அழகாக அடுக்கி வைத்து, நாம் தொட்டதை மேமிடம் சொல்லி ஓட வைக்கும். நாங்கள் போட்ட ஃப்ரன்ட் எண்டின் பெயர்தான் அட்ராக்ட் மோட்.

போட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் மாலை முழுக்க வீண். பட்டியல் காலியாகவே வந்தது. ஆட்டம் ஒரு ஜிப் கோப்பாகத்தான் வரும். அதைப் பிரித்துப் போட வேண்டும் என்று நினைத்து அக்கா மகள் அக்கறையாகப் பிரித்து வைத்திருந்தாள். மேமுக்கு ஜிப்பை அப்படியே, பெயர்கூட மாற்றாமல் கொடுத்தால் போதும். சரிசெய்ததும் அடுத்த தகராறு: 'க்யூசவுண்ட்' கோப்பைக் காணோம் என்றது மேம். முஸ்தபாவின் போர்டில் ஒலிக்கென்று தனிச் சிப் உண்டு. புதிய மேம் அதன் கோப்பையும் கேட்கும். மேமின் பதிப்பும் கோப்பின் பதிப்பும் ஒத்துப்போகாவிட்டாலும் இதே கதைதான். எல்லாம் பொருந்தியபின் டேப் பட்டனை அமுக்கி, மெனுவில் மேமைத் தேர்ந்தெடுத்து, பட்டியலைத் தயார் செய்யச் சொன்னோம். முஸ்தபாவின் படம் திரையில் வந்து நின்றது.

"காயின் எங்க மாமா போடறது?" என்றாள். மேமில் விசைப்பலகையின் 5தான் காயின் ஓட்டை. 1 ஸ்டார்ட். ஐந்தை அமுக்கினேன். அதே 'டிங்' சத்தம். அமுக்க அமுக்க ஏறிக்கொண்டே போனது. கடையில் என் ஒரு மாதச் சில்லறை, ஐந்து நொடியில்.

எஃப்2 அமுக்கினால் இன்னொரு கதவு திறந்தது. போர்டுக்குள் இருக்கும் சர்வீஸ் மெனு. ஆட்டம் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும், ஒரு காயினுக்கு எத்தனை லைஃப் என்பதெல்லாம் கடைக்காரர் அங்கேதான் மாற்றுவார். நாங்கள் 'கை வரலடா' என்று எங்களையே நொந்துகொண்ட பல நாட்களுக்கான விடை அந்த மெனுவில் இருந்தது.

கடைக்கார அண்ணன் இப்போது மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். போய்க் கேட்டேன். சிரித்தார். "பசங்க அரைமணி நேரம் ஒரே காயின்ல நின்னா, வாடகை யாரு கட்டுவா?" பரணிலிருந்து ஒரு போர்டை எடுத்துக் காட்டினார். கடற்காற்று பட்டுச் செம்புத் தடங்கள் பச்சை பூத்திருந்தன. உப்புக்காற்று மட்டும் எதிரியில்லை. முஸ்தபாவின் ஒரிஜினல் போர்டில் ஒரு பேட்டரி உண்டு. அது தீர்ந்தால் ஒலிச் செயலிக்குள் இருக்கும் ரகசியச் சாவி அழிந்து, ஆட்டம் செத்துப்போகும். மேம் மாதிரி முயற்சிகள் இல்லையென்றால் இவை எல்லாமே இப்படித்தான் பச்சை பூத்துப் போயிருக்கும்.

எங்களுக்குக் கோப்பு வந்தது அண்ணனின் பென் டிரைவில். "போர்டு எங்கிட்ட இருக்கு, யாராவது கேட்டா காட்டலாம்" என்றார். சட்டம் அப்படிச் சமாதானமாகாது. ஆட்டத்தின் உரிமை உரியவர்களிடமே இருக்கிறது. அன்று நம்மூர்ப் பெட்டிகளுக்குள் இருந்தவற்றிலும் நகல் போர்டுகள் ஏராளம் என்பது வேறு விஷயம். 2018இல் கேப்காம் தன் பழைய அடிதடி ஆட்டங்கள் ஏழைத் தொகுத்து விற்றது. முஸ்தபா அதில் இல்லை. அந்த ஆட்டத்தின் மூலக்கதை கேப்காமுடையது அல்ல, மார்க் ஷுல்ட்ஸின் 'ஜீனோசோயிக் டேல்ஸ்' என்ற காமிக்ஸ். நேர்வழியில் பழக விரும்புகிறவர்களுக்கு, உரிமையாளர்கள் அனுமதி தந்த 'கிரிட்லி', 'ராபி ரோட்டோ' போன்ற சில ஆட்டங்கள் மேமின் தளத்திலேயே இலவசம்.

ஆடத் தொடங்கினோம். ஆளைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அக்கா மகள் யோசிக்கவே இல்லை. ஹன்னாவை எடுத்தாள். நான்கு பேரில் ஒரே பெண். எங்கள் கடையில் ஹன்னாவை எடுப்பது தண்டனை மாதிரி, மற்றவர்கள் முந்திக்கொண்டால்தான் அவள். அப்போதுதான் உறைத்தது: அந்தப் பச்சைத் திரைக்குள் ஒரு பெண்ணைக்கூட நான் பார்த்ததில்லை. அக்காவுக்கும் அந்தச் சந்து தெரியும், வெளியே நின்று "அம்மா கூப்பிடறாங்க" என்று கத்துவதற்கு மட்டும். இதே வடசென்னையில் கேரம் போர்டு பெண்களுக்கும் வழிவிட்டிருக்கிறது. வியாசர்பாடி இளவழகி உலக சாம்பியன் ஆனார். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் காசிமா மூன்று தங்கம் வென்றார். வீடியோ கேம் கடை அப்படி எந்தப் பெண்ணுக்கும் ஒரு காயின்கூடக் கொடுக்கவில்லை. ஆகவே கடை மூடியதற்காக முழுசாக அழ என்னால் முடியவில்லை.

ஆனாலும் ஒன்று போய்விட்டது. துறைமுகத்தில் லோடு இறக்கிவிட்டு வந்தவர், அசோக் லேலண்டில் ஷிப்ட் முடித்தவர், காசிமேட்டிலிருந்து மீன் வாடையோடு வந்த பையன், பனியனோடு நான். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாத நாங்கள் ஒரே பெட்டியின் முன்னால் தோள் உரசி நிற்போம். "எகிறு, எகிறு" என்று பின்னாலிருந்து ஆலோசனை. கடைசி லைஃப் என்றால் கடையே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். நன்றாக ஆடுகிறவனுக்கு யாரோ ஒருவர் காயின் போட்டுவிடுவார், முடிவைப் பார்க்கும் ஆசையில். பிறகு பர்மா பஜார் டிவி கேம், பிரவுசிங் சென்டர், மணிக்கணக்கு பிளேஸ்டேஷன் கடை, கடைசியில் ஆளுக்கொரு போன். ஒவ்வொரு படியிலும் பக்கத்தில் நிற்கிற ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

முடிவில்லாத காயினோடு ஆடிய முதல் இரவில் எட்டுக் கட்டத்தையும் முடித்துவிட்டோம். செத்தால் ஐந்து, மறுபடி செத்தால் ஐந்து. கடைசி வில்லன் விழுந்தபோது இருவருமே கைதட்டவில்லை. அவள் கொட்டாவி விட்டாள்.

மறுநாள் ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஐந்து ஒரு ரூபாய் நாணயங்களைப் போட்டு மேசையில் வைத்தேன். ஐந்தை அமுக்குகிறவர் ஒரு நாணயத்தை எடுத்துப் பக்கத்து உண்டியலில் போட வேண்டும். டம்ளர் காலியானால் அன்றைக்குக் கடை மூடல். அன்று நான்காவது கட்டத்தைத் தாண்ட முடியவில்லை. ஆனால் அக்காவும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பின்னால் நின்றாள். "டேய், அந்தப் பக்கம் ஒருத்தன் வரான் பாரு" என்று கத்தினாள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு அரசு மடிக்கணினி தூங்கினால் எடுங்கள். 1993இன் ஆட்டத்துக்கு அதன் பலம் போதும். யூஎஸ்பியில் செருகும் ஸ்டிக் வாங்குவதானால் இரண்டாக வாங்குங்கள். தெரு மன்றத்தில் கேரம் போர்டு கிடக்கும் இடம் இருந்தால் அதன் பக்கத்திலேயே வையுங்கள், பெண் பிள்ளைகளும் வந்து உட்காரும்படியாக. டம்ளரை மட்டும் மறந்துவிடாதீர்கள்.