ரேடியோப் பெட்டியின் முகப்பு சொல்லும் செய்திகள்

2000ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் குயின்ஸ்லாந்தின் மரூச்சி பிரதேசத்தில் கழிவுநீர்ப் பம்பிகள் காரணம் தெரியாமல் நின்றன. அபாய அறிவிப்புகள் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு வந்து சேரவில்லை. ஏறக்குறைய 8 இலட்சம் லீற்றர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் கலந்தது. புதிதாகப் பொருத்திய அமைப்பு என்பதால் முதலில் கருவிக் கோளாறு என்றே நினைத்தார்கள். உண்மையில், அந்த அமைப்பை நிறுவிய நிறுவனத்தில் முன்பு வேலை செய்த ஒருவர், காரில் ஒரு ரேடியோவையும் கணினியையும் வைத்துக்கொண்டு, 142 பம்பி நிலையங்களை இணைத்த வலையமைப்புக்குள் கட்டளைகளை அனுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய கணினி தன்னை 4ஆம் இலக்கப் பம்பி நிலையம் என்று சொல்லிக்கொண்டது. ஏப்ரலில் பிடிபட்டார். மறு ஆண்டு அவருக்கு 2 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

கணினிப் பாதுகாப்பு வகுப்புகளில் இந்தச் சம்பவத்தை இன்றும் சொல்வார்கள். ஆனால் இதில் கணினியைவிட ரேடியோவுக்குப் பங்கு அதிகம் என்பது எங்கள் எண்ணம். இந்நாட்டில் நீர், மின்சாரம், சுரங்கம் சார்ந்த வேலைகளில் எம்மவர் பலர் இருக்கிறார்கள். தரவு ரேடியோ இருக்கும் அலுமாரியைத் தினமும் கடந்து போனாலும் அதன் முகப்பை நின்று பார்ப்பவர்கள் குறைவு. அதை வாசிப்பது எப்படி என்று பார்ப்போம்.

தரவு ரேடியோ பேச்சை அனுப்புவதில்லை. தாங்கியில் நீர் எத்தனை மீற்றர், பம்பி ஓடுகிறதா, குளோரின் எவ்வளவு என்ற எண்களையே அனுப்புகிறது. கேபிள் இழுக்க முடியாத, கைத்தொலைபேசி அலையும் எட்டாத இடங்களில் அதுதான் கண்ணும் காதும். சில பெட்டிகளில் விளக்குகள் மட்டுமே உண்டு. லெடர் வரிசை போன்ற சிலவற்றில் முகப்பிலேயே ஒரு சிறு எழுத்துத் திரையும் நான்கு பொத்தான்களும் இருக்கும். இடம், வலம் என்று நகர்த்த இரண்டு, பட்டியலுக்குள் போக ஒன்று, வெளியே வர ஒன்று. மடிக்கணினி, கேபிள், மென்பொருள் எதுவும் வேண்டாம். நள்ளிரவில், நுளம்புக் கடியில், டோர்ச் வெளிச்சத்தில் நிற்பவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

முதலில் பார்க்கவேண்டியது வரும் சமிக்ஞையின் வலு. அது கழித்தல் குறியோடு டிபிஎம் என்ற அலகில் தெரியும். கழித்தல் 70 என்பது கழித்தல் 90ஐ விட நல்லது. 10 குறைந்தால் வலு பத்தில் ஒன்றாகிறது, 20 குறைந்தால் நூறில் ஒன்று. அந்த ரேடியோ ஒழுங்காக வேலை செய்யக் குறைந்தது கழித்தல் 95 வேண்டும், திரையில் கழித்தல் 70 தெரிகிறது என்று வைத்துக்கொண்டால், கையிருப்பு 25 டெசிபல். வெயில், மூடுபனி, நடுவில் வளரும் யூக்கலிப்டஸ் மரங்கள் எல்லாம் இந்தக் கையிருப்பில் இருந்துதான் செலவாகும். அது 10க்குக் கீழே போனபின்பும் 'இணைப்பு இருக்கிறதுதானே' என்று விட்டுவிடுபவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இணைப்பு இருக்கும், ஒரு மோசமான காலை வரும்வரை.

மழைக்குச் சமிக்ஞை போய்விட்டது என்று பலர் சொல்வார்கள். செய்மதித் தொலைக்காட்சிக்கு அது பொருந்தும். 400 முதல் 900 மெகாஹேர்ட்ஸ் வரையான அலையை மழைத்துளி பெரிதாகத் தடுப்பதில்லை. மழை நாளில் மட்டும் எண் விழுகிறதென்றால் அன்ரெனாக் கேபிளின் இணைப்புக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். திரும்பி வரும் மின்வலுவையும் காட்டும் முகப்பு என்றால் அந்த எண் கூடியிருக்கும், கோபுரத்தில் ஏறும் முன்பே பாதி விடை கிடைத்துவிடும்.

வலுவோடு சேர்த்து, சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தையும் பார்க்கவேண்டும். இரண்டும் விழுந்தால் பாதையிலோ அன்ரெனாவிலோ கோளாறு. வலு நன்றாக இருந்து விகிதம் மட்டும் கெட்டால், வேறு யாரோ அதே அலைவரிசையில் பேசுகிறார்கள் என்று சந்தேகிக்கலாம். ஒரு முனை நன்றாகக் கேட்டு மறுமுனை கேட்காவிட்டால் பாதையைக் குறை சொல்லாதீர்கள், ஒரு பக்கத்தின் அனுப்பும் பகுதியோ மறுபக்கத்தின் வாங்கும் பகுதியோதான் காரணமாக இருக்கும்.

அன்ரெனாவைத் திருப்பிப் பொருத்தும்போதும் இதே திரைதான் துணை. ஒருவர் மேலே மெதுவாகத் திருப்ப, மற்றவர் கீழே எண்ணை வாசிப்பார். முதலில் கிடைக்கும் உச்சத்தில் நிறுத்திவிடக்கூடாது. அன்ரெனாவுக்கு நேர்த்திசையில் பெரிய உச்சமும் பக்கங்களில் சிறிய உச்சங்களும் உண்டு. இருபக்கமும் தாண்டிப் பார்த்துவிட்டே இறுக்கவேண்டும்.

இனி, அமைப்புகளை மாற்றுவது. பார்ப்பதற்குத் தடையில்லாத பெட்டிகளிலும் மாற்றுவதற்குப் பொதுவாகக் கடவுச்சொல் கேட்கும். இரு முனைகளுக்கு இடையிலான இணைப்பில் ஒரு முனை அனுப்பும் அலைவரிசையே மறுமுனை வாங்கும் அலைவரிசை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டு ரேடியோ பழுது என்று சொல்வது இத்தொழிலில் புதிதல்ல. உரிமம் பெற்ற அலைவரிசை என்றால், அவுஸ்திரேலியத் தொடர்பாடல், ஊடக அதிகாரசபை வழங்கிய உரிமத்தில் உள்ள அலைவரிசையையும் வலுவையும் தாண்டக்கூடாது. தூரத்து நிலையத்தையும் இங்கிருந்தே மாற்றுவதென்றால் அதைத்தான் முதலில் மாற்றவேண்டும். பக்கத்தில் உள்ளதை முதலில் மாற்றினால் தூரத்து நிலையத்தோடு பேச வழியிருக்காது, அதன் பிறகு கார்ப் பயணம்தான். அனுப்பியதைத் திருப்பி வாங்கும் சோதனையை ஓட விட்டால் சாதாரண தரவுப் போக்குவரத்து நிற்கலாம். கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

மரூச்சியில் நடந்ததை இந்த முகப்பு மட்டும் தடுத்திருக்காது. அங்கே நிலையத்தின் இலக்கத்தைச் சொன்னாலே போதும், அமைப்பு நம்பிவிட்டது. இலக்கம் என்பது சட்டையில் குத்திய பெயர்ப்பட்டி, யாரும் குத்திக்கொள்ளலாம். அதனால் மறைகுறியாக்க வசதி உள்ள ரேடியோவில் அதை இயக்கியிருக்கிறார்களா என்று பார்ப்பதும், தொழிற்சாலையில் போட்டு அனுப்பிய கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுவதும், வேலையை விட்டுப் போனவருக்குத் தெரிந்த கடவுச்சொல்லை அவர் போன அன்றே மாற்றுவதும் அவசியம். இன்னொன்று: எப்போதும் கழித்தல் 85இல் கேட்கும் ஒரு நிலையம் திடீரென்று கழித்தல் 55இல் கேட்டால், நல்லதாகிவிட்டது என்று மகிழாமல், பேசுவது அந்த நிலையம்தானா என்று விசாரிக்கவேண்டும்.

அதைக் கண்டுபிடிக்கப் பழைய எண் தெரிந்திருக்கவேண்டும். அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி, போகும்போதெல்லாம் திகதி, வலு, விகிதம், வெப்பநிலை நான்கையும் எழுதுங்கள். மாற்றம் ஏதும் செய்திருந்தால் பழைய மதிப்பையும் புதியதையும் எழுதி, பட்டியலில் இருந்து முறைப்படி வெளியேறிவிட்டுக் கதவைப் பூட்டுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அந்தத் தாளில் எழுதவேண்டாம்.