குறை சொல்வதற்கும் ஒரு முறை உண்டு



பால் வெட்டுக்குப் போனவர் ஒருவர் மண்டோரிடம் வந்து, “மரம் சரியில்லைங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் மண்டோர் என்ன செய்வார்? எந்த மரம், என்ன குறை என்று அவருக்கு எப்படித் தெரியும்? “ஏழாவது நிரையில் மூன்றாவது மரங்க. போன வாரம் வரைக்கும் நன்றாகப் பால் வந்தது. இன்றைக்கு வெட்டின கோட்டில் பாதி காய்ந்து கிடக்கிறது” என்று சொன்னால், அவர் நேரே அந்த மரத்தினிடம் போவார். அதற்கு ஓய்வு கொடுப்பதா, வேண்டாமா என்று முடிவு செய்வார்.

தோட்டத்தில் நாம் கற்ற இந்தப் பாடம், இன்று நம் கையில் இருக்கும் கைப்பேசிக்கும் பொருந்தும். அதைப் பற்றித்தான் இன்றைய உரை.

கைப்பேசியில் நாள்காட்டி பார்க்கிறோம், தமிழில் எழுதுகிறோம், பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள். இவற்றைச் செய்து தரும் மென்பொருள்களையே செயலிகள் என்கிறோம். இவை எல்லாம் பெரிய கம்பெனிகளில் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து செய்தவை என்று நாம் நினைக்கிறோம். பல அப்படித்தான். ஆனால் ஒருவரோ இருவரோ வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின், இரவில் கண்விழித்து உருவாக்கியவையும் ஏராளம். சம்பளம் இல்லாமலேயே பலர் இதைச் செய்கிறார்கள். தமிழ் எழுத்தைக் கணினியில் ஏற்றிய வரலாற்றிலும் தனி மனித முயற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. 1985ஆம் ஆண்டில் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் மலேசியாவைச் சேர்ந்தவரே.

இப்படித் தனியாக உழைப்பவருக்குப் பயன்படுத்துகிறவர்களின் கருத்து ஏன் தேவை? 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25ஆம் நாள், பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், கணினியில் ஈடுபாடுள்ளவர்கள் பலருக்கு ஒரு செய்தி எழுதினார். பொழுதுபோக்காகக் கணினிக்கு ஓர் இயக்க அமைப்பைச் செய்து வருவதாகவும், என்னென்ன வசதிகள் வேண்டும் என்று சொல்லுமாறும் கேட்டுக்கொண்டார். கேட்டதையெல்லாம் செய்வதாக வாக்குக் கொடுக்க முடியாது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். அதுதான் பின்னாளில் லினக்ஸ் என்று பெயர் பெற்றது. பலர் பயன்படுத்திப் பார்த்துக் குறைகளை எழுதினார்கள். சிலர் திருத்தங்களையே செய்து அனுப்பினார்கள். இன்று உலகில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் அனைத்துக்கும் உள்ளே லினக்ஸின் கருவே வேலை செய்கிறது.

செயலியைச் செய்பவரிடம் ஒன்றிரண்டு கைப்பேசிகள்தான் இருக்கும். பயன்படுத்துகிறவர்களிடமோ ஆயிரம் வகை இருக்கும். அவர் கண்ணுக்குப் படாத பிழை நம் கண்ணுக்குப் படும். நாம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

சரி, எப்படிச் சொல்வது? ஒரு வீட்டில் நடக்கக்கூடிய பேச்சைக் கேளுங்கள்.

“தம்பி, இந்த நாள்காட்டி கெட்டுப்போச்சுப்பா. அந்த ஆளுக்கு எழுதிப் போடு” என்கிறார் பாட்டி.

“என்ன ஆச்சு பாட்டி?”

“அடுத்த மாசத்தைப் பார்க்கலாம்னு விரலால தள்ளினேன். பட்டுன்னு மூடிக்கிச்சு.”

“என் போன்ல நல்லாத்தானே பாட்டி இருக்கு?”

“எனக்குக் கண்ணு தெரியலைன்னு நீதானேப்பா எழுத்தைப் பெரிசாக்கிக் கொடுத்தே.”

பேரன் எழுத்தைச் சிறிதாக்கித் தள்ளிப் பார்க்கிறான், செயலி மூடவில்லை. பெரிதாக்குகிறான்; மூடிக்கொள்கிறது. மூன்று முறை செய்து பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு, இப்படி எழுதுகிறான்:

“வணக்கம். உங்கள் நாள்காட்டியை என் பாட்டி தினமும் பார்க்கிறார். மாதத்தை மாற்ற விரலால் தள்ளும்போது செயலி மூடிக்கொள்கிறது. எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தால் மட்டுமே இப்படி ஆகிறது. கைப்பேசியின் வகையும் செயலியின் பதிப்பு எண்ணும் கீழே உள்ளன. நன்றி.”

எண்ணிப் பாருங்கள். செய்தவர் கண் நன்றாகத் தெரியும் இளைஞராக இருந்தால், எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கவே மாட்டார். “கெட்டுப்போச்சு” என்ற ஒரு சொல் அவருக்கு எதையும் சொல்லாது. இந்த ஐந்து வரிகளோ நோய் இருக்கும் இடத்தையே தொட்டுக் காட்டிவிடும்.

இங்கிலாந்தைச் சேர்ந்த சைமன் டேத்தம் என்பவர், தொலைவில் உள்ள கணினியோடு தொடர்புகொள்ள உதவும் ‘புட்டி’ என்ற மென்பொருளைச் செய்து இலவசமாகக் கொடுத்தவர். பிழைகளை எப்படித் தெரிவிக்க வேண்டும் என்று 1999ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளது. அந்த வழியில் நாம் நினைவில் வைக்க வேண்டியவை இவை. நாம் என்ன செய்தோம்? என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தோம்? உண்மையில் என்ன நடந்தது? திரையில் ஏதாவது வாசகமோ எண்ணோ தோன்றினால் அதை அப்படியே எழுத வேண்டும். காரணம் என்னவென்று நமக்குத் தோன்றுவதைச் சொல்லலாம். ஆனால் கண்ணால் கண்டதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. திரையைப் படம் எடுத்து அனுப்பும்போது அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, கடவுச்சொல் ஆகியவை அதில் தெரியக்கூடாது. பிழை திருத்துவதற்குக் கடவுச்சொல் வேண்டும் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

நேயர்களே, குறையைச் சொல்லும் விதத்தால் எவ்வளவு தீமையும் எவ்வளவு நன்மையும் விளையும் என்பதற்கு அண்மையில் நடந்த ஒரு நிகழ்ச்சி சான்றாக இருக்கிறது.

ரப்பர் ஷீட்டுகளை அழுத்திக் கட்டினால் லோரியில் இடம் மிச்சமாகும் அல்லவா? அதுபோலக் கணினிக் கோப்புகளைச் சுருக்கிக் கொடுப்பது ‘எக்ஸ்.இஸட்.’ என்ற மென்பொருள். உலகெங்கும் எண்ணற்ற கணினிகளில் அது இருக்கிறது. அதைப் பல ஆண்டுகளாகப் பராமரித்தவர் ஒரே ஒருவர். அதுவும் ஊதியம் இல்லாமல். 2022ஆம் ஆண்டில் சிலர் அவருக்கு அடுத்தடுத்து எழுதினார்கள். வேலை மெதுவாக நடக்கிறது, உங்களால் முடியாவிட்டால் பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள் என்று நெருக்கினார்கள். தாம் நலம் குன்றி இருப்பதையும், இது சம்பளமில்லாத வேலை என்பதையும் அவர் எடுத்துச் சொன்னார். நெருக்குதல் நிற்கவில்லை. அதற்கு முன்பிருந்தே உதவிக்கு வந்து நல்லவர்போல் நடந்துகொண்ட ஒருவரிடம் பொறுப்பில் ஒரு பங்கு போய்ச் சேர்ந்தது. அந்த ஆள் 2024ஆம் ஆண்டு தொடக்கத்தில், மென்பொருளுக்குள் ஒரு கள்ளக் கதவை ஒளித்து வைத்தார். அந்தக் கதவைத் திறக்கும் சாவி உள்ளவர் பிறருடைய கணினிக்குள் நுழைந்துவிடலாம். முன்பு நெருக்கி எழுதியவர்களும் இந்தச் சூழ்ச்சிக்காகப் புனையப்பட்ட போலிப் பெயர்களே என்று ஆராய்ந்தவர்கள் பலர் கருதுகிறார்கள்.

கண்டுபிடித்தவர் யார்? ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற பொறியாளர். கணினிக்குள் நுழையும் வேலை வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதை அவர் கவனித்தார். அரை விநாடிதானே என்று விட்டுவிடவில்லை. துருவிப் பார்த்தார், கள்ளக் கதவைக் கண்டார். எப்போது, எந்தப் பதிப்பில், எத்தனை விநாடி என்று அளந்து, 2024 மார்ச் 29ஆம் நாள் எல்லாருக்கும் எழுதித் தெரிவித்தார். கெட்டுப்போன அந்தப் பதிப்பு பெரும்பாலும் சோதனை நிலையில் இருந்தபோதே தடுக்கப்பட்டது.

ஒரு பக்கம், தனியாக உழைத்தவரைக் களைக்க வைத்த கடுஞ்சொல். மறு பக்கம், கண்டதைக் கண்டபடி சொன்ன பொறுமை. முன்னது திருடனுக்கு வழி திறந்தது. பின்னது அந்த வழியை அடைத்தது.

ஆகையால், ஒரு செயலியில் குறை கண்டால் ஒரே ஒரு நட்சத்திரத்தைப் போட்டுவிட்டு, “மோசம்” என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். அதைப் படிப்பவர் வருந்துவாரே தவிரத் திருத்த மாட்டார். எதைத் திருத்துவது என்று அவருக்குத் தெரியாது. பதில் வரச் சில வாரங்கள் ஆனால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்ட வசதி கிடைக்காமலும் போகலாம். செயலி நன்றாக வேலை செய்தால், நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். குறை சொல்லும் கடிதமே வந்துகொண்டிருக்கும் வீட்டில் அந்த ஒரு வரி பெரிய கூலி.

“நாம் படிக்காதவர்கள், நம் பேச்சை யார் கேட்பார்கள்?” என்று தயங்கவும் வேண்டாம். கண்டதைத் தெளிவாகச் சொல்லப் பட்டம் தேவையில்லை. நிரையையும் மரத்தையும் குறிப்பிட்டுச் சொல்லத் தெரிந்தவருக்கு இதுவும் தெரியும். எழுத வராவிட்டால், பள்ளிக்குப் போகும் பிள்ளையை அருகில் உட்காரவைத்துச் சொல்லுங்கள், அது எழுதும். பிள்ளைக்கும் அது ஒரு பாடம்.