மீனின் பல்லைப் பார்த்து லீடர் விற்போம்

கடையில் அதிக இடம் பிடிக்காத, பெரிய விலையும் இல்லாத சில பொருட்கள் இருக்கின்றன. அவை சரியாக இருக்கும்வரை யாரும் அவற்றைப் பற்றிப் பேசுவதில்லை. பிழைத்துப் போனால் மட்டும் வாடிக்கையாளர் கோபத்தோடு வந்து நிற்பார், அல்லது வராமலே இருந்துவிடுவார். தூண்டில் சாமான் விற்பனையில் அப்படியான ஒரு பொருள்தான் 'லீடர்'.

ரீலில் இருந்து வரும் பிரதான நூலுக்கும் தூண்டில் முள்ளுக்கும் இடையில் கட்டப்படும் ஒரு முழம், அரை முழக் கம்பி அல்லது தடித்த நூலையே லீடர் என்கிறோம். பிரித்தானியாவில் இதனை 'ட்ரேஸ்' என்பார்கள். இறக்குமதியாகும் பைக்கற்றுகளில் இரண்டு பெயர்களும் இருக்கும். இரண்டும் வேறு வேறு பொருட்கள் என்று நினைத்து ஒன்றையே இரு தடவை கொள்வனவு செய்துவிடாதீர்கள்.

நன்னீரில் வாழும் பெரிய வேட்டை மீன்களைப் பிடிப்பதற்கு எந்த லீடர் பொருத்தமானது? இதற்குப் பதில் தெரிந்த வியாபாரி சரியான பொருளைக் கொடுத்து ஒரு வாடிக்கையாளரைச் சம்பாதிக்கிறார். தெரியாதவர் கையில் கிடைத்ததை விற்றுவிட்டு அவரை இழக்கிறார்.

நட்டம் எவ்வளவு?

ஓர் உதாரணத்துக்கு, வாடிக்கையாளர் கையிலுள்ள செயற்கை இரையின் விலை 1500 ரூபா என்றும், லீடரின் விலை 300 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். லீடர் இல்லாமல் அல்லது பொருந்தாத லீடரோடு தூண்டில் போடுகிறார். மீன் கடித்து நூலை அறுத்துக்கொண்டு போகிறது. 300 ரூபாவை மிச்சம் பிடிக்கப் போய் 1500 ரூபாவும் போனது, மீனும் போனது. இதிலே இன்னொன்றும் இருக்கிறது. அறுத்துக்கொண்டு போன மீனின் வாயிலோ தொண்டையிலோ மும்முனை முள் தங்கிவிடும். அந்த மீன் இரை எடுக்க முடியாமல் சாகலாம். மனிதனுக்கும் உதவாமல், தண்ணீரிலும் வாழாமல் ஓர் உயிர் வீணாகிறது.

முன்னர் பாவித்த தடித்த தங்கூசி நூலில் இந்தப் பிரச்சினை ஓரளவு குறைவாக இருந்தது. இப்போது பலரும் பாவிப்பது பொலிஎதிலீன் இழைகளால் பின்னப்பட்ட 'பிரெய்ட்' நூல். அது மெல்லியது, இழுவைக்கு மிகவும் பலமானது. ஆனால் கூரிய பல் பட்டவுடன் அறுந்துவிடும். 50 இறாத்தல் தாங்கும் நூல் ஏன் அறுந்தது என்று வாடிக்கையாளர் கேட்பார். இழுவைப் பலம் வேறு, வெட்டைத் தாங்கும் தன்மை வேறு என்பதை அவருக்கு விளக்க வேண்டியவர் நீங்கள்தான்.

முதலில் பல்லைக் கேளுங்கள்

எந்த லீடர் வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் கேட்பதைவிட எந்த மீனுக்கு என்று கேளுங்கள். வேட்டை மீன்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வகைப் பல் இல்லை.

முதலாவது வகை, வெட்டும் பல் உள்ளவை. ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் வட அமெரிக்காவிலும் வாழும் பைக் மீன் இதற்கு நல்ல உதாரணம். கீழ்த்தாடையில் பெரிய கூரிய பற்களும், வாயின் மேற்புறத்தில் உள்நோக்கிச் சாய்ந்த நூற்றுக்கணக்கான சிறு பற்களும் அதற்கு உண்டு. 1986இல் ஜேர்மனியில் பிடிபட்ட சாதனைப் பைக் மீனின் நிறை 55 இறாத்தல் 1 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 25 கிலோ. அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள மஸ்கி, ஆபிரிக்காவின் சம்பேசி, கொங்கோ ஆறுகளில் உள்ள புலிமீன், தென் அமெரிக்காவின் டொராடோ ஆகியவையும் இந்த வகையே. இவற்றுக்குக் கம்பி லீடர் அவசியம்.

இரண்டாவது வகை, அரத்தைப் போன்ற பல் உள்ளவை. ஸ்பெயினின் எப்ரோ ஆற்றிலும் இத்தாலியின் போ ஆற்றிலும் பிடிபடும் வெல்ஸ் என்னும் இராட்சதக் கெளுத்தி, விக்டோரியா ஏரியின் நைல் பேர்ச், நமது களப்புகளிலும் ஆற்று முகங்களிலும் உள்ள கொடுவா, குளங்களிலுள்ள வாளை ஆகியவை இதில் அடங்கும். இவற்றின் பற்கள் சிறியவை, நெருக்கமானவை. நூலை ஒரே வெட்டில் அறுக்காது, தேய்த்துத் தேய்த்து அறுக்கும். கொடுவாவின் செவுள் மூடியின் ஓரமும் கூர்மையானது. இவற்றுக்குக் கம்பி தேவையில்லை. தேய்வைத் தாங்கும் தடித்த நைலோன் அல்லது புளோரோகாபன் போதும்.

நமது குளங்களின் விரால் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் கீழ்த்தாடையில் கூரிய பற்கள் உண்டு. ஆனால் பைக் மீனைப் போல நூலை இலகுவில் வெட்டுவதில்லை. விரால் பிடிப்பவருக்குப் பெரிய பிரச்சினை சல்வீனியா, ஆகாயத்தாமரை, தாமரைத் தண்டு ஆகியவற்றுக்குள் மீன் புகுந்துவிடுவதுதான். ஆகவே தடித்த நூல் லீடர் அவருக்குப் பொருந்தும். கம்பி லீடரை அவர் தலையில் கட்டினால் இரை சரியாக நீந்தாது. அடுத்த முறை அவர் வேறு கடைக்குப் போவார்.

கம்பியில் எத்தனை வகை?

ஒற்றைக் கம்பி: துருப்பிடிக்காத உருக்கினால் ஆன தனிக் கம்பி. அதே பலத்துக்கு மிகவும் மெல்லியது, விலையும் மலிவு. ஆனால் ஒரு தடவை மடிந்துவிட்டால் அந்த இடத்தில் பலம் போய்விடும். முடிச்சுப் போட முடியாது. இரு முனைகளையும் சமமாக ஒன்றன்மேல் ஒன்று முறுக்கி, பின்னர் நெருக்கமான சுற்றுகளால் முடிக்க வேண்டும். தண்ணீர் மேற்பரப்பில் அசையும் செயற்கை இரைகளுக்கு இந்த விறைப்பு நல்லது.

ஏழு இழைக் கம்பி: நடுவில் ஓர் இழை, சுற்றிவர ஆறு இழைகள். ஒற்றைக் கம்பியைவிட வளைந்து கொடுக்கும். விலையும் நடுத்தரம். பொதுவான பாவனைக்கு இதுவே போதும். ஆனால் பெரிய மீன் புரண்டு சுருட்டினால் இதுவும் சுருண்டு போகும். சுருண்டதை நேராக்கித் திரும்பப் பாவிக்கக் கூடாது.

நாற்பத்தொன்பது இழைக் கம்பி: ஏழு இழைக் கம்பிகள் ஏழைச் சேர்த்து முறுக்கியது. நூல் மாதிரி மென்மையாக இருக்கும், இலகுவில் மடியாது. இறந்த மீனை இரையாகப் போட்டுக் காத்திருப்பவர்கள் விரும்புவது இதைத்தான். விலை சற்று அதிகம்.

நைலோன் பூசிய கம்பி: பார்வைக்கு அழகாக இருப்பதால் இலகுவில் விற்கும். ஆனால் பற்கள் பட்டுப் பூச்சு கிழிந்த பின்னர் உள்ளே நீர் புகுந்து துருப்பிடித்தாலும் வெளியே தெரியாது. கிழிந்தவுடன் மாற்ற வேண்டும் என்று சொல்லி விற்பதே முறை.

டைட்டேனியம் கம்பி: பெயர் டைட்டேனியம் என்றாலும் இந்த லீடர்களில் பெரும்பாலும் இருப்பது நிக்கலும் டைட்டேனியமும் கலந்த உலோகம். வளைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும். துருப்பிடிக்காது. பல மீன்களுக்கு ஒரே லீடரைப் பாவிக்கலாம். விலை உருக்குக் கம்பியைவிடப் பல மடங்கு. அடிக்கடி மீன் பிடிப்பவருக்கு இது இலாபம், எப்போதாவது போகிறவருக்கு வீண் செலவு. இந்தக் கம்பியும் நாளடைவில் களைத்து உடையக் கூடியதுதான். ஆயுள் முழுவதும் பாவிக்கலாம் என்று வாக்குக் கொடுத்து விற்காதீர்கள்.

புளோரோகாபன் கம்பிக்குப் பதிலாகுமா?

வாடிக்கையாளர்கள் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான். புளோரோகாபன் நூலை ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971இல் அறிமுகப்படுத்தியது. நைலோனைவிடப் பாரமானதால் தண்ணீரில் வேகமாக அமிழும். ஒளியை அது முறிக்கும் அளவு சுமார் 1.42. தண்ணீரின் அளவு 1.33, நைலோனின் அளவு 1.5க்கு மேல். ஆகவே தண்ணீருக்குள் நைலோனைவிடக் குறைவாகத் தெரியும். தெளிந்த நீரில் இது ஒரு வசதி. கலங்கிய குளத்தில் அந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

ஆனால் அது உலோகம் அல்ல. பைக் மீனுக்குப் புளோரோகாபன் பாவிப்பவர்கள் 0.8 முதல் 1 மில்லிமீற்றர் வரை தடிப்பானதைப் பாவிக்கிறார்கள். அப்போதும்கூட வெட்டுப்படும் ஆபத்து முற்றாக நீங்குவதில்லை. மஸ்கி பிடிப்பவர்கள் 100 இறாத்தலுக்கும் மேற்பட்டதைக் கட்டுகிறார்கள். அந்த மீனின் நிறைக்கு அவ்வளவு பலம் தேவையில்லை, பல்லுக்கு அந்தத் தடிப்புத் தேவை. ஆகவே புளோரோகாபன் விற்கும்போது இறாத்தலைவிட மில்லிமீற்றரைப் பாருங்கள். 'பல்லால் அறுக்க முடியாதது' என்று எழுதப்பட்ட பைக்கற்றைக் கண்டால் அந்த வாசகத்தை நீங்களும் திருப்பிச் சொல்லாதீர்கள்.

பிரித்தானியாவில் பைக் பிடிப்போர் கழகம் 1977இல் ஆரம்பிக்கப்பட்டது. அங்கே பைக் மீன்களைப் பெரும்பாலும் பிடித்தபின் உயிரோடு விட்டுவிடுகிறார்கள். கம்பி இல்லாமல் பைக் மீனுக்குத் தூண்டில் போடுவது அவர்கள் மத்தியில் பெரும் தவறாகக் கருதப்படுகிறது. பல நீர்நிலைகளில் கம்பி கட்டாயம் என்று விதியே இருக்கிறது. அனுபவசாலிகள் எதை நம்புகிறார்கள் என்பதற்கு இது ஓர் அத்தாட்சி.

நீளமும் பலமும்

செயற்கை இரைக்கு 12 அங்குலம் அளவான லீடர் பொதுவாகப் போதும். இறந்த மீனை இரையாகப் போடும்போது மீன் அதனை விழுங்க முற்படும், நூலின் மேல் புரளும். ஆகவே 18 முதல் 24 அங்குலம் வரை வேண்டும். நீளம் கூடக்கூட நல்லது என்றும் நினைக்கக்கூடாது. மேல் முனையிலுள்ள 'ஸ்விவல்' தடியின் நுனி வளையத்துக்குள் போகாது. லீடர் அதிக நீளமானால் எறிவது சிரமம். சாதனைக்குப் பதிவு செய்ய விரும்புவோருக்கு இன்னுமொரு வரையறை உண்டு. சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதிப்படி நன்னீரில் லீடரின் நீளம் 6 அடியைத் தாண்டக்கூடாது.

பலத்தைப் பொறுத்தவரை லீடர் பிரதான நூலுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். பல்லிலும் கல்லிலும் அடிபட்டு முதலில் பழுதாவது லீடர்தான். பைக்கற்றில் இறாத்தலிலும் கிலோவிலும் எழுதியிருப்பார்கள். 30 இறாத்தல் என்பது 13.6 கிலோ. 30 கிலோ என்று நினைத்து யாரும் வாங்கிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பி அறுவதைவிட அதன் இரு முனைகளிலும் உள்ள சாமான்கள் பிழைப்பதே அதிகம். கம்பியை நெரித்துப் பிடிக்கும் சிறு குழாயான 'ஸ்லீவ்' கம்பியின் தடிப்புக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும். சாதாரணக் குறட்டால் நசுக்கினால் கம்பி வெட்டுப்படும், அல்லது வழுகும். அதற்கான குறடு தனியாக உண்டு. மலிவான 'ஸ்னெப்' கொளுக்கிகள் இழுவையில் விரிந்து திறந்துவிடும். 60 இறாத்தல் கம்பியில் 20 இறாத்தல் கொளுக்கியைப் பூட்டினால் அது 20 இறாத்தல் லீடர்தான்.

கடையிலேயே ஒரு பரிசோதனை

புதிய இடத்திலிருந்து சரக்கு எடுக்கும்போது முழுப் பெட்டிக்கும் ஓடர் கொடுக்குமுன் சில மாதிரிகளை வாங்குங்கள். ஒரு வில் தராசை உறுதியான கம்பத்தில் கட்டி, அதில் லீடரின் ஒரு முனையை மாட்டி, மறு முனையை மெதுவாக இழுங்கள். முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்பு அணியுங்கள். எத்தனை கிலோவில் போகிறது என்பதோடு எந்த இடத்தில் போகிறது என்பதையும் பாருங்கள். கம்பி நடுவில் அறுந்தால் கம்பியின் பலம் அவ்வளவுதான். ஸ்லீவிலிருந்து வழுகி வந்தால் செய்த கை சரியில்லை. கொளுக்கி திறந்துகொண்டால் அதனை மட்டும் மாற்றினால் போதும். எழுதியிருப்பதைவிட மிகக் குறைவில் போகும் சரக்கை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் எடுக்காதீர்கள். அந்த மலிவின் விலையைக் கொடுப்பது உங்கள் வாடிக்கையாளர்.

எதை எவ்வளவு வைப்பது?

சிறு கடைக்கு எல்லா வகையும் தேவையில்லை. உள்ளூர்க் குளங்களுக்கும் களப்புகளுக்கும் போகிறவர்களே உங்கள் வாடிக்கையாளர் என்றால் முதலீட்டின் பெரும்பகுதியைத் தடித்த நைலோனிலும் புளோரோகாபனிலும் போடுங்கள். கம்பியில் 30 இறாத்தல் ஏழு இழை ஆயத்த லீடர்கள் கொஞ்சம், ஒரு சுருள் கம்பி, அதற்குப் பொருந்திய ஸ்லீவ், நல்ல ஸ்விவல் ஆகியவை போதும். டைட்டேனியத்தைக் கேட்பவருக்கு ஓடரின் பேரில் எடுத்துக் கொடுக்கலாம். வெளிநாடு சென்று மீன் பிடிப்பவர்களும் உல்லாசப் பயணிகளும் வரும் கடையாக இருந்தால் மட்டும் நாற்பத்தொன்பது இழையையும் நீளமான லீடர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுருளில் வாங்கிக் கடையிலேயே லீடர் செய்து விற்பதில் இலாபம் கூடுதல். ஆனால் செய்த ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்த பின்பே பைக்கற்றில் போட வேண்டும். கடற்கரைப் பிரதேசங்களில் உப்புக் காற்று உருக்குக் கம்பியையும் விடாது. காற்றுப் புகாத பைக்கற்றில் வைத்து, பழைய சரக்கை முதலில் விற்றுத் தீருங்கள். துருப் புள்ளி விழுந்ததை விலை குறைத்தும் விற்காதீர்கள்.

வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள்தான்: என்ன மீன்? எப்படிப்பட்ட தண்ணீர்? என்ன இரை? பதிலைக் கேட்டபின், அவருக்குக் கம்பியே தேவையில்லை என்று தெரிந்தால் அதனை அவரிடமே சொல்லிவிடுங்கள். அன்று ஒரு லீடர் விற்காமல் போகலாம். ஆனால் அடுத்த முறை ரீலும் தடியும் வாங்க வரும்போது அவர் யோசனை கேட்பது உங்களிடம்தான்.