மரப்பொந்தில் பிறக்கும் வாத்து

வாத்து மரத்தில் முட்டையிடுமா? ஒரு வாத்து இடும். அதன் பெயர் குள்ளத்தாரா.

இந்திய வாத்துகளில் இதுதான் மிகச் சிறியது. நீளம் ஒரு சாணுக்குச் சற்று அதிகம். எடை சுமார் கால் கிலோ. ஆண் பறவையின் முகமும் கழுத்தும் வயிறும் வெள்ளை. முதுகு, பச்சை மினுங்கும் கறுப்பு. கழுத்தைச் சுற்றி மாலை போல ஒரு கறுப்புப் பட்டை. பெண் பறவை மங்கிய பழுப்பு நிறம். அதன் கண் வழியாக ஒரு கறுப்புக் கோடு ஓடும்.

அல்லியும் தாமரையும் படர்ந்த குளங்களில் இது வாழும். விதை, இளந்தளிர், சிறு பூச்சிகளைத் தின்னும். நம் தாராவி ஓரமாக ஓடும் மித்தி ஆற்றில் இதைத் தேட வேண்டாம். அங்கே சாக்கடையும் கடலின் உப்புநீரும் கலக்கின்றன. இதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். தமிழ்நாட்டுக் குளங்களில் இது உண்டு. இலங்கை, தென் சீனா, ஆஸ்திரேலியாவிலும் உண்டு.

மழைக்காலத்தில், தண்ணீருக்குப் பக்கத்து மரப்பொந்தில் இது முட்டையிடும். 6 முதல் 12 முட்டைகள் வரை இருக்கும். குஞ்சுகள் பொரிந்ததும் பொந்திலிருந்து கீழே குதிக்கும். தாயோடு தண்ணீருக்குப் போகும்.

பட்ட மரம்தானே என்று வெட்டினால் இதன் வீடு போயிற்று. குளத்தைத் தூர்த்தால் சாப்பாடும் போயிற்று. குடியிருக்க இடம் இல்லாத கஷ்டம் நமக்குத் தெரியாததா?

இதை வேட்டையாடுவதும் குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது குளக்கரையில் நின்று பாருங்கள். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். பொந்துள்ள மரத்தை யாராவது வெட்ட வந்தால், காரணம் சொல்லித் தடுங்கள்.